தறிச்சட்டத்துல ஒரு கைப்பிடி

போன வாரம் எபிசோடு வரல, நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் ஆர்.கே.பேட்டையில எங்க வீட்டு மாடிப்படிக்கு மரத்துல கைப்பிடி செஞ்சுக்கிட்டு இருந்தேன். ஆறு வருஷமா கோடு எழுதுற எனக்கு, கையில இழைப்புளி பிடிச்சது இதுதான் முதல் தடவை.

எங்க பக்கம் நெசவுக்காரங்க வீடு நிறைய இப்படித்தான் இருக்கும்: கீழ விசைத்தறி, மேல குடித்தனம். தறிச் சத்தத்துல கீழ ஒருத்தரும் தூங்க முடியாது. எங்க வீட்டுல படி மொத்தம் பதினெட்டு. ஒன்பதுல ஒரு திருப்பம், ரெண்டு பக்கமும் சுவர். வீடு கட்டும்போது காசு பத்தாம, கைப்பிடியை "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டாங்க. அந்த அப்புறம் பதினாலு வருஷம் ஆச்சு. இந்த தீபாவளி முடிஞ்ச வாரம் ஆயா கீழ்ப் படியில சறுக்கி விழுந்துடுச்சு. நல்லவேளை, இடுப்பு தப்பிச்சுது. மணிக்கட்டுல மாவுக்கட்டு.

கைப்பிடி போடலாம்னு சொன்னா ஆயாவுக்குக் கோபம். "டிசம்பர் 31 ராத்திரி திருத்தணி மலையில 365 படியும் பாடிக்கிட்டே ஏறினவ நான். இந்த பதினெட்டுக்கு எனக்குக் கட்டை வேணுமாடா?"

ஸ்டீல் பைப் வாங்கிப் போட்டிருந்தா ஒரே நாள்ல வேலை முடிஞ்சிருக்கும். ஆனா பரண்மேல தாத்தாவோட குழித்தறி கிடந்துச்சு. விசைத்தறி வந்தப்போ கழட்டிப் போட்டது. பாதி அடுப்புக்குப் போயிடுச்சு. மிச்சம் மூணு சட்டம், ஒவ்வொண்ணும் அஞ்சடி நீளம், ரெண்டு அங்குலக் கனம்.

அளவுக்கு மத்திய அரசோட 2016 வழிகாட்டுதலை எடுத்துப் படிச்சேன். முதியவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தடையில்லாத கட்டடம் பத்தினது. கைப்பிடி உருண்டையா, 38-ல இருந்து 45 மில்லிமீட்டர் குறுக்களவுல இருக்கணும்னு அதுல இருந்துச்சு. சுவருக்கும் அதுக்கும் நடுவுல குறைஞ்சது 50 மில்லிமீட்டர் இடைவெளி, விரல் சிக்காம இருக்க. படி தொடங்குறதுக்கு முன்னாடியும் முடிஞ்ச பிறகும் 300 மில்லிமீட்டர் நீளணும். உயரம் 760, 900னு ரெண்டு சொல்லியிருந்தாங்க. நான் 900-ஐ எடுத்துக்கிட்டு சுவர்ல பென்சிலால கோடு போட்டேன்.

அப்பதான் கவனிச்சேன். என் கோட்டுக்குக் கீழ, சுண்ணாம்புச் சுவர்ல, படிக்குப் படி ஒரு பழுப்புக் கறை ஏறிப் போகுது. பதினாலு வருஷமா ஆயா கை வெச்சு வெச்சு வந்த எண்ணெய்க் கறை. டேப் வெச்சுப் பார்த்தேன். ரெண்டரை அடி, அதாவது ஏறக்குறைய 760. ஆபீஸ்ல யூசர் எங்க க்ளிக் பண்றாங்கன்னு பார்க்க ஆயிரம் டூல் வாங்குறோம். இங்க டேட்டா சுவர்லயே இருந்திருக்கு, தினமும் அதைக் கடந்து போயிருக்கேன். பென்சில் கோட்டை அழிச்சிட்டேன்.

வேலை சொல்லிக்கொடுத்த ஆசாரி நகரி பக்கத்துக்காரர், பாதி தெலுங்கு பாதி தமிழ். 1960 ஏப்ரல் வரைக்கும் திருத்தணியே சித்தூர் மாவட்டம்தானே, எங்களுக்கு அது புரியாத மொழி இல்ல. ஆனா அவர் "ரெண்டு நூல் எடு தம்பி"ன்னப்போ முழிச்சேன். நெசவுக்காரன் வீட்டுல நூல்னா வேற. ஆசாரி கணக்குல எட்டு நூல் ஒரு அங்குலம். பன்னெண்டு நூல், ஒண்ணரை அங்குலம், 38 மில்லிமீட்டர். அரசாங்கமும் ஆசாரியும் ஒரே இடத்துக்கு வந்துட்டாங்க.

சதுரச் சட்டத்தை உருண்டையாக்க, முதல்ல நாலு மூலையையும் சீவி எட்டுப்பட்டையாக்கணும். அப்புறம் பதினாறு. அதுக்கப்புறம்தான் உப்புத்தாள்.

ஒன்பது படி, ஏழு அங்குல உயரம், பத்து அங்குல அகலம். பைத்தாகரஸ் போட்டா சாய்வு நீளம் ஒன்பதடி ரெண்டு அங்குலம், ரெண்டு பக்கமும் ஒரு அடி சேர்த்தா பதினொண்ணே சொச்சம். அப்போ மூணு சட்டத்தையும் இணைக்கணும். நான் முனையோடு முனை ஃபெவிகால் வெச்சு ஒட்டினேன். மறுநாள் தூக்கினதும் பட்டுனு விட்டுடுச்சு. முனையில மரத்தோட நரம்பு எல்லாம் திறந்த குழாய் மாதிரி, பசையைக் குடிச்சிடும்னாரு ஆசாரி. கனத்துக்கு எட்டு மடங்கு நீளத்துல சாய்வா சீவச் சொன்னாரு, அதாவது ஒரு அடிச் சாய்வு. ஒட்டி, பழைய சைக்கிள் ட்யூபால இறுக்கிக் கட்டி ஒரு நாள் விட்டோம். அது இன்னிக்கு வரைக்கும் அசையல.

பிராக்கெட் மாட்டினதுலதான் நிஜமாவே பயந்தேன். ஸ்க்ரூ நல்லாத்தான் இறங்குச்சு. சந்தேகத்துக்கு என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். பூச்சோட பிராக்கெட் கையோட வந்துடுச்சு. ஸ்க்ரூ செங்கல்லைத் தொடவே இல்ல. ஆயா அதை நம்பிப் பிடிச்சிருந்தா? கைப்பிடி இல்லாதப்போ அது ஜாக்கிரதையாவாவது இறங்கும். எல்லாத்தையும் கழட்டி, ஹேமர் டிரில்லால செங்கல்லுக்குள்ள மூணு அங்குலம் போய், ஃபாஸ்டனர் போட்டேன். அப்பாவும் நானும் சேர்ந்து தொங்கினோம்.

முதல் நாள் ஆயா அதைத் தொடவே இல்ல. ரெண்டாம் நாள் ஈரத் துண்டைக் காயப் போட்டுச்சு. சாயங்காலம் துண்டு முழுக்க மஞ்சள் பழுப்புக் கோடு, எனக்கு நல்ல திட்டு. ஆசாரி சிரிச்சாரு: "வேங்கை தம்பி. தண்ணி பட்டா சாயம் விடும்." மறுபடி உப்புத்தாள், ரெண்டு கை வார்னிஷ்.

வார்னிஷ் காயுற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தேன். அன்னிக்கு ராத்திரி ஆயா கீழ நின்னுக்கிட்டு, "காஞ்சிடுச்சா பாரு, நான் மேல வரணும்"னு குரல் குடுத்துச்சு.

மேல் ஒன்பது படிக்கு மரம் இல்ல. பக்கத்துத் தெருவுல ஒருத்தர் பழைய தறியைப் பிரிக்கப் போறாராம். ஞாயித்துக்கிழமை போய்க் கேட்கணும். அது கிடைச்சா அடுத்த எபிசோடும் லேட்டாத்தான் வரும், இப்பவே சொல்லிட்டேன்.