ஒரு பத்திக்குள் அடங்குமா ஒரு நாடு?



நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபி 1958இல் வெளியிட்ட நாவலைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தீர்கள். ஈழத்து எழுத்தாளர் என்.கே. மகாலிங்கம் ‘சிதைவுகள்’ என்ற பெயரில் தமிழில் தந்த நாவல் அது. கதையை நான் சொல்லப் போவதில்லை, வாங்கிப் படியுங்கள். அதன் கடைசிப் பக்கத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நம் ஊருக்கு வருகிறேன்.

ஒக்கொங்வோ என்று ஒரு மனிதன். மல்யுத்தத்தில் பேர் எடுத்தவன், கிழங்குத் தோட்டத்தில் உழைத்து மேலே வந்தவன், முன்கோபி, அப்பனைப் போல ஆகிவிடுவோமோ என்று உள்ளுக்குள் பயந்தே வாழ்ந்தவன். நாவல் முழுக்க அவனோடு நடக்கிறோம். அவன் செய்கிற தப்பெல்லாம் நமக்குத் தெரியும், அவன் படுகிற வேதனையும் தெரியும். கடைசியில் அவன் மரத்தில் தொங்குகிறான். பார்க்க வருகிற வெள்ளைக்கார மாவட்ட அதிகாரிக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. அந்தப் பகுதி மக்களை அடக்கி வழிக்குக் கொண்டுவந்ததைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதப் போகிறாராம். இந்த ஆளுக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கலாம் என்று நினைக்கிறார். அப்புறம் யோசித்து, அத்தியாயம் அதிகம், ஒரு பத்தி போதும் என்று முடிவு செய்கிறார்.

ஒரு பத்தி! அத்தனை பக்கம் நாம் கூடவே வாழ்ந்த மனிதனுக்கு!

அந்த அதிகாரி மேல் நமக்குக் கோபம் வருகிறது. வரட்டும். ஆனால் நண்பர்களே, இந்தத் திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு நைஜீரியாக்காரர்களுக்கு நாம் எத்தனை வரி ஒதுக்கியிருக்கிறோம்? காதர்பேட்டையில் பனியன் மூட்டை வாங்கி லாகோஸ் சந்தைக்கு அனுப்புகிற வியாபாரிகள் ராயபுரத்துச் சந்துகளில் பல வருடமாக நடமாடுகிறார்கள். நம் சரக்குக்குக் காசு தருகிறவர்கள். அவர்களைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வரிதான்: “நைஜீரியனா? ஃபிராடு. வீடு குடுத்துராதீங்க.” வெள்ளைக்கார அதிகாரியாவது ஒரு பத்தி கொடுத்தான்.

“மோசடி நடக்கலையா? எனக்கே மெயில் வந்துச்சுங்க” என்று நீங்கள் கேட்கலாம். நடக்கிறது. அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. நம்மூரில் ஏமாற்றுக்காரனை என்ன சொல்லித் திட்டுகிறோம்? ‘ஃபோர் ட்வென்டி’. 1860இல் ஆங்கிலேயர்கள் நமக்குத் தந்த தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கான பிரிவு 420. அதே ஆங்கிலேயர்கள் ஆண்ட நைஜீரியாவின் குற்றவியல் சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு 419. அங்கேயும் ஏமாற்றுக்காரனை மக்கள் ‘ஃபோர் ஒன் நைன்’ என்றுதான் திட்டுகிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். 2024இல் புதுச் சட்டம் வந்து நம் 420 இப்போது 318 ஆகிவிட்டது. எண்தான் மாறியது, ஆசாமிகள் மாறவில்லை.

“பெரும் சொத்து மாட்டிக்கொண்டிருக்கிறது, முன்பணம் கொடுத்தால் பங்கு தருகிறேன்” என்ற அந்தத் தந்திரம் நைஜீரியாவில் பிறந்ததும் அல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடிதங்கள் வந்தன. ஸ்பெயின் சிறையில் ஒரு பணக்காரர் அடைபட்டுக் கிடக்கிறார், மீட்கப் பணம் அனுப்புங்கள், புதையலில் பங்கு உண்டு என்று. ‘ஸ்பானியக் கைதி’ என்றே அந்த மோசடிக்குப் பெயர். அதை வைத்து, இன்றைக்கு ஒரு ஸ்பெயின்காரர் வீடு கேட்டு வந்தால் யாராவது கதவைச் சாத்துகிறோமா?

இன்னொன்று கேளுங்கள். இந்த மோசடிக்காரர்கள் ஏன் கடிதத்தில் வெளிப்படையாக ‘நைஜீரியா’ என்றே எழுதுகிறார்கள்? 2012இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி இதை ஆராய்ந்தார். பெயரைப் பார்த்ததும் விவரமானவன் சிரித்துவிட்டு அழித்துவிடுவான். அதையும் மீறிப் பதில் போடுகிறவன் கடைசிவரை ஏமாறக்கூடியவன். ஆளைச் சலித்தெடுக்க அந்தப் பெயர் உதவுகிறது என்பது அவர் வாதம். அதாவது, ஒரு நாட்டின் மேல் உலகம் குத்திய முத்திரையையே திருடன் தன் தொழிலுக்குக் கருவியாக்கிக்கொண்டான். முத்திரையால் லாபம் அவனுக்கு. நஷ்டம், 20 கோடிக்கும் மேற்பட்ட அவன் நாட்டு மக்களுக்கு.

இது பனியன் ஊர். உங்களுக்குப் புரிகிற கணக்கிலேயே கேட்கிறேன். பையிங் ஹவுஸிலிருந்து தரம் பார்க்கும் க்யூசி வருகிறார். ஆயிரக்கணக்கான பீஸையும் பிரித்தா பார்க்கிறார்? சில பெட்டிகளை எடுக்கிறார், சில பீஸைப் பார்க்கிறார், மொத்த லாட்டையும் பாஸ் பண்ணுகிறார், இல்லை ரிஜெக்ட் பண்ணுகிறார். நாம் ஒத்துக்கொள்கிறோம். ஏன்? எந்தப் பெட்டி என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. கைக்கு வந்ததை எடுக்கிறார். அதே க்யூசி நேராக உங்கள் ரிஜெக்ட் மூட்டைக்குப் போய், அதிலிருந்து மட்டும் பத்து பீஸ் உருவி, “லாட்டே மோசம்” என்று எழுதினால் விடுவீர்களா? சண்டைக்குப் போக மாட்டீர்களா?

செய்தி செய்வது அதைத்தான். ‘நைஜீரியர் கைது’ என்று தலைப்பு வரும். ‘நைஜீரியர் பாக்கியில்லாமல் பில்லைக் கட்டினார்’ என்று என்றைக்காவது தலைப்பு வந்ததுண்டா? நல்ல பீஸ் செய்தியாவதே இல்லை. நம் கைக்கு வருவது முழுக்க ரிஜெக்ட் மூட்டை. அதை வைத்து ஒரு தேசத்துக்கே தரச் சான்றிதழ் எழுதுகிறோம்.

சரி, அந்த லாட்டிலிருந்து வேறு சில பெயர்களையும் எடுத்துப் பார்ப்போம்.

டோரா அகுன்யிலி. மருந்தியல் பேராசிரியர். சர்க்கரை நோயாளியான அவருடைய தங்கை போலி இன்சுலின் போட்டு 1988இல் இறந்தார். 2001இல் நைஜீரியாவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்துக்கு அகுன்யிலி தலைவரானார். போலி மருந்துக் கும்பல்களின் கிடங்குகளைச் சோதித்தார், மருந்தைக் குவித்து எல்லோரும் பார்க்க எரித்தார். 2003 டிசம்பரில் அவர் காரை நோக்கிச் சுட்டார்கள். குண்டு அவர் தலையில் கட்டியிருந்த துணியைத் துளைத்துக்கொண்டு போனது. அவர் வேலையை விடவில்லை. அந்தப் போலிகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? கணிசமானவை வெளிநாடுகளிலிருந்து. தரமில்லாத மருந்து அனுப்பியதற்காக அவர் தடை விதித்த நிறுவனங்களில் இந்திய நிறுவனங்களும் உண்டு, சீன நிறுவனங்களும் உண்டு.

2009இல் இன்னொரு வேடிக்கை நடந்தது. நைஜீரியாவில் பிடிபட்ட ஒரு போலி மலேரியா மருந்துச் சரக்கில் ‘மேட் இன் இந்தியா’ என்று அச்சடித்திருந்தது. விசாரித்தால், தயாரானது சீனாவில். நம் அரசு சீனாவிடம் ஆட்சேபம் தெரிவித்தது. யாரோ செய்த குற்றத்தில் நம் நாட்டின் பெயரை ஒட்டினால் நமக்கு எப்படிச் சுருக்கென்று தைக்கிறது பாருங்கள்! அந்தச் சுருக்கென்ற வலிதான் ராயபுரத்தில் வாடகை வீடு தேடி அலைகிறவனுக்கும்.

அடுத்த பெயர், மருத்துவர் அமேயோ அடடேவோ. 2014 ஜூலை 20. எபோலா தாக்கிய லைபீரியாவிலிருந்து ஒரு அதிகாரி லாகோஸ் விமான நிலையத்தில் வந்து விழுகிறார். மருத்துவமனையில் மலேரியா என்று நினைக்கிறார்கள். மூத்த மருத்துவரான அடடேவோவுக்குச் சந்தேகம். எபோலா பரிசோதனைக்கு ஏற்பாடு செய்கிறார். “இவர் முக்கியமான மாநாட்டுக்கு வந்தவர், வெளியே விடுங்கள்” என்று மேலிருந்து நெருக்கடி. அவர் விடவில்லை. சுமார் 2 கோடிப் பேர் நெருக்கியடித்து வாழும் நகரம் அது. அந்த நோயாளி ஒரு சந்தைக்குள் நடந்துபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நோயாளி ஐந்து நாளில் இறந்தார். அடடேவோவுக்கும் தொற்றியது, ஆகஸ்ட் 19 அன்று அவரும் இறந்தார். நைஜீரிய சுகாதார ஊழியர்கள் தொற்றுக்கு ஆளாகியிருக்கக்கூடிய நூற்றுக்கணக்கானவர்களை வீடு வீடாகத் தேடிக் கண்காணித்தார்கள். 20 பேரோடு நோய் நின்றது; 8 பேர் இறந்தார்கள். அக்டோபர் 20 அன்று நைஜீரியா எபோலாவிலிருந்து விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அதே அக்டோபரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரி என்ன செய்தது தெரியுமா? நைஜீரியாவிலிருந்து விண்ணப்பித்த மாணவர்களுக்கு, எபோலா உள்ள நாடுகளிலிருந்து ஆள் சேர்ப்பதில்லை என்று கடிதம் அனுப்பியது. அந்தச் சமயத்தில் எபோலா நோயாளிகள் இருந்தது அதே டெக்சாஸின் டல்லஸ் நகரத்தில்! தன் மாநிலத்து நோய் கண்ணில் படவில்லை. நோயை வென்ற நாடு மட்டும் நோயாகத் தெரிந்தது. கல்லூரி பிறகு மன்னிப்புக் கேட்டது. முத்திரை குத்துகிறவனுக்குப் பார்வை மங்கிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

மூன்றாவது ஆள், ஒரு தகப்பன். 2009 கிறிஸ்துமஸ் நாளில் ஒரு நைஜீரிய இளைஞன் டெட்ராய்ட் போன விமானத்தை உள்ளாடைக்குள் மறைத்த குண்டால் தகர்க்கப் பார்த்தான். குண்டு வெடிக்கவில்லை. அடுத்த மாதமே, அமெரிக்கா கூடுதல் சோதனைக்கு உட்படுத்தும் 14 நாடுகளின் பட்டியலில் நைஜீரியா சேர்ந்தது. ஒருவன் செய்ததற்குச் சுமார் 15 கோடிப் பேர் கையைத் தூக்கி நிற்க வேண்டியதாயிற்று. ஆனால் நவம்பரிலேயே அபுஜாவின் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய், “என் மகன் தீவிரவாதத்தின் பக்கம் போகிறான் என்று பயமாக இருக்கிறது” என்று எச்சரித்தவர் யார்? அவனுடைய அப்பா. அவரும் நைஜீரியர்தான். பெற்ற மகனைப் பற்றியே போய்ச் சொல்லும் நெஞ்சுரம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? பட்டியல் போடுகிறபோது மகன் மட்டும் நாடாகிவிட்டான். அப்பன் நாட்டில் சேர்த்தியில்லை.

இப்படிப்பட்ட பேச்சு வெறும் பேச்சோடு நிற்காது நண்பர்களே. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு பள்ளி மாணவர் இறந்தார். பக்கத்தில் குடியிருந்த நைஜீரிய மாணவர்கள் மேல் பழி விழுந்தது. மனிதனைத் தின்பவர்கள் என்றுகூட வதந்தி. போலீஸ் பிடித்த ஐந்து பேரும் ஆதாரமில்லாமல் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் கூட்டம் ஒரு வணிக வளாகத்துக்குள் புகுந்து, கண்ணில் பட்ட ஆப்பிரிக்க மாணவர்களை நாற்காலியால் அடித்தது. அடிபட்டவர்களுக்கும் அந்தச் சாவுக்கும் என்ன சம்பந்தம்? ஒரே சம்பந்தம், நிறம்.

தமிழனுக்கு இது புதிதா? 2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ என்ற கப்பலில் 492 ஈழத் தமிழர்கள் கனடாவின் மேற்குக் கரையில் போய் இறங்கினார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். கப்பல் கரை சேரும் முன்பே அங்கே பயங்கரவாதிகள் என்ற பேச்சு கரை சேர்ந்துவிட்டது. 2016இல், போலி கால் சென்டர் மோசடிக்காக இந்தியாவிலிருந்து இயங்கிய ஐந்து கால் சென்டர்கள் உட்படப் பலர் மேல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. இன்றைக்கு வெளிநாட்டில் போனில் நம்மவர் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரிஜெக்ட் மூட்டையிலிருந்து நம்மையும் உருவுகிறார்கள்.

அடிபட்டவனுக்குத் தானாகவே நியாயம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நைஜீரிய எழுத்தாளர் சிமமண்டா அடிச்சி, ஒற்றைக் கதையின் ஆபத்தைப் பற்றி 2009இல் ஆற்றிய உரை உலகப் புகழ் பெற்றது. அதில் அவர், மெக்சிகோவுக்குப் போனபோது அந்த மக்களைப் பற்றித் தன் மனத்திலும் ஒற்றைக் கதைதான் இருந்தது என்று வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறார். முத்திரை குத்தப்பட்டவர் கையிலும் ஒரு முத்திரை இருக்கிறது. அதைக் கீழே போடுவது ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டிய வேலை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். பத்திரிகை நண்பர்களே, குற்றவாளிக்குப் பெயர் இருக்கிறது. தலைப்பில் அந்தப் பெயரைப் போடுங்கள், நாட்டைப் போடாதீர்கள். வீட்டு உரிமையாளர்களே, வாடகைக்கு வருகிறவரின் பாஸ்போர்ட்டைப் பாருங்கள், விசாவைப் பாருங்கள், உரிய படிவம் கொடுத்து அரசுக்குத் தெரிவியுங்கள். காகிதம் சரியில்லை என்றால் வீடு இல்லை என்று சொல்லுங்கள். நிறம் சரியில்லை என்று சொல்லாதீர்கள். விழாக் குழுவினரே, நைஜீரிய நாவலைப் பற்றி நான் பேசினேன், நீங்கள் கேட்டீர்கள். அடுத்த கூட்டத்துக்குக் காதர்பேட்டை நைஜீரிய வியாபாரி ஒருவரை இந்த மைக்குக்கு முன்னால் நிறுத்துங்கள். திருப்பூரைப் பற்றி, நம்மைப் பற்றி, அவர் என்ன நினைக்கிறார் என்று சொல்லட்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். நமக்கு அவர் எத்தனை பத்தி ஒதுக்குகிறார் என்று பார்ப்போம்.