தோல் சொல்லும் சேதி

(வல்வெட்டித்துறையில் நடந்த தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து வந்த நாங்கள் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவோம் என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் வரும். முதலில் தோலைப் பற்றிப் பேசுகிறோம்.

கொழுந்து பறிக்கும் கைக்கும் வலை இழுக்கும் கைக்கும் சொறியும் தடிப்பும் புதிதில்லை. "சூடு", "பூச்சிக்கடி", "அட்டைக்கடி" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். ஒரு நாள் பேர் விழாவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அநேகமான தடிப்புகள் தானாக ஆறிவிடும். ஆனால் சில தடிப்புகள் உடம்புக்குள்ளே நடப்பதை வெளியே சொல்பவை. அவற்றை மட்டும் தெரிந்து வைத்திருப்போம்.

முதலாவது, காய்ச்சலோடு வருகிற கறுத்த பொருக்கு. யாழ்ப்பாணத்தில் மழை மாதங்களில் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வருகிறது. பற்றைகளில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. இரண்டாம் உலகப் போரில் இலங்கையில் முகாமிட்டிருந்த படையினரையும் இது வாட்டியது. கடித்த இடத்தில் சுருட்டால் சுட்டது போல ஒரு பொருக்கு இருக்கும். வலிக்காது, கடிக்காது. கமக்கட்டு, கவடு, மார்பின் கீழ், இடுப்பு என்று மறைவான இடங்களில்தான் இருக்கும். பெண்கள் வெட்கத்தில் காட்டுவதில்லை; அவசரத்தில் இருக்கும் வைத்தியரும் பார்ப்பதில்லை. பார்த்தால், டொக்சிசைக்கிளின் என்ற மலிவான மருந்தில் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். பார்க்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகலாம். வழக்கமாகத் தரும் அமொக்சிசிலின் இதற்குக் கேட்காது.

எங்கள் மலைநாட்டில் இதன் உறவுக் காய்ச்சல் ஒன்று உண்டு. அதில் உடம்பெல்லாம் சிவந்த புள்ளி வரும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூட. ஆகவே காய்ச்சல்காரரின் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். வைத்தியரிடம் "பற்றைக்குள் வேலை செய்தேன், உண்ணி கடித்தது" என்று நீங்களாகவே சொல்லுங்கள்.

டெங்கிலும் தோல் சிவக்கும். காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைக்காதீர்கள். ஆபத்து தொடங்குவது அப்போதுதான். வயிற்று வலி, வாந்தி, முரசில் இரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, கடிக்காத தேமல். கடித்தால் எல்லோரும் மருந்து தேடுவோம். கடிக்காத, வலிக்காத, உணர்ச்சியில்லாத வெளிறிய அல்லது சிவந்த படைதான் தொழுநோயின் அடையாளம். பிள்ளையின் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம். 1708இல் ஒல்லாந்தர் ஹெந்தளையில் தொழுநோயாளரை ஒதுக்கிவைக்க ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். அந்தப் பயம் இன்னும் எங்கள் மனதை விட்டுப் போகவில்லை. 1983 முதல் இந்த நாட்டில் கூட்டு மருந்து சிகிச்சை இருக்கிறது. ஆறு மாதம் அல்லது ஒரு வருடம், முற்றிலும் இலவசம். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே மற்றவருக்குத் தொற்றாது. ஆனாலும் ஆண்டுதோறும் ஆயிரம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அவர்களில் பிள்ளைகளும் உண்டு. மகளின் கலியாணம் கெட்டுவிடும் என்று மறைத்தால், பிறகு மடங்கிப்போகிற விரலை மறைக்க முடியாது.

மூன்றாவது, பிடரியில் அழுக்குப் போலப் படிந்து, தேய்த்தாலும் போகாத கறுப்பு, ஆறாத புண், அடிக்கடி வரும் கட்டி. இவற்றைக் கண்டால் சீனி வருத்தம் இருக்கிறதா என்று சோதியுங்கள்.

கடைசியாக ஒன்று. மருந்து தெளிக்கிற ஆட்களின் கையில் மட்டும் தடிப்பு வந்தால், அதற்குக் காரணம் அந்த வேலை. அதற்குக் களிம்பு மட்டும் போதாது. கையுறையும் கழுவத் தண்ணீரும் வேண்டும். கிளினிக் போகிற நாளுக்குப் பேரும் வேண்டும். சம்பளமும் வரும் என்று தொடக்கத்தில் சொன்னோமே, அது இதுதான். நோயைக் காட்டப் போனவருக்கு அன்றைய கூலி இல்லையென்றால், யார் காட்டுவார்?

இன்றிரவு வீட்டில் ஒருவர் முதுகை ஒருவர் பாருங்கள். வெட்கம் வேண்டாம்.