வெள்ளம் வடிந்த பிறகும்



கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் கைகோத்தால் நம் திருவல்லிக்கேணிப் பேட்டைக்கு என்ன நன்மை என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்க நாம் வெளியூர் போக வேண்டியதில்லை.

நம் வாலாஜா பெரிய பள்ளிவாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1795-ல் ஆற்காடு நவாப் குடும்பத்தார் கட்டியது. ரமலான் மாதத்தில் பொழுது சாயும் நேரம் அங்கே போய் நில்லுங்கள். மயிலாப்பூரிலிருந்து ஒரு வண்டி வந்து நிற்கும். சோறு, ஊறுகாய், இனிப்பு, பழம், பால் என்று பாத்திரம் பாத்திரமாக இறங்கும். அத்தனையும் சூஃபிதார் கோயிலிலிருந்து வருபவை. 1947-ல் நாடு பிளவுபட்டபோது சிந்து மண்ணை விட்டு அகதியாக வந்தவர் தாதா ரத்தன்சந்த். அவர் தொடங்கிய அமைப்புதான் சூஃபிதார். வீடும் ஊரும் இழந்து வந்தவருக்கு மனத்தில் கசப்பை வளர்த்துக்கொள்ள எத்தனையோ காரணங்கள் இருந்திருக்கும். அவர் நோன்பாளிகளுக்காக அடுப்பு மூட்டினார். பல பத்தாண்டுகளாக அந்த அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

பரிமாற வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? இந்துக்களான அவர்கள் பள்ளிவாசலுக்குள் தலையில் தொப்பி அணிந்து பரிமாறுகிறார்கள். அதனால் அவர்களுடைய பக்தி ஒரு இம்மிகூடக் குறையவில்லை. நோன்பு திறப்பவருடைய ஈமானுக்கும் ஒரு குறையும் வரவில்லை. கொடுக்கிறவர், வாங்குகிறவருடைய இடத்துக்கு வந்து, அவருடைய முறைக்கு இணங்கிப் பணிந்து நிற்கிறார். சேர்ந்து தொண்டு செய்ய நினைக்கும் எல்லோருக்கும் இதுதான் முதல் பாடம் என்று நான் நம்புகிறேன்.

2015 டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். அடையாறு கரை தாண்டிய அந்த நாட்களில் பள்ளிவாசல்கள் கதவைத் திறந்தன. யார், எந்த மதம் என்று கேட்காமல் பாய் விரித்தார்கள். குருத்வாராவில் உணவு சமைத்தார்கள். தேவாலயக் கூடங்களில் மக்கள் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். ராமகிருஷ்ண மடத்துத் தொண்டர்கள் நிவாரணப் பொருள்களோடு புறப்பட்டார்கள். நீர் வடிந்ததும் முஸ்லிம் இளைஞர்கள் கோயிலுக்குள் இறங்கிச் சேற்றை வாரினார்கள். பிறகு கொரோனா வந்தது. பெற்ற பிள்ளையே கிட்டே வரத் தயங்கிய உடல்களை, இறந்தவர் எந்தச் சமயத்தவரோ அந்தச் சமயத்து முறைப்படி அடக்கமும் தகனமும் செய்ய இளைஞர்கள் முன்வந்தார்கள்.

இவ்வளவு செய்த நாம், அடுத்து என்ன செய்தோம்? வெள்ளம் வடிந்தது, நாமும் வடிந்துவிட்டோம். அவரவர் வாசலுக்குள் போய்விட்டோம். அடுத்த விநாயகர் ஊர்வலத்தன்று இதே தெருக்களில் காவலர்கள் வரிசையாக நிற்கவேண்டியிருக்கிறது. ஆபத்தில் அண்ணன் தம்பியாக இருந்தவர்கள் ஆபத்து நீங்கியதும் அந்நியராகிவிடுவது என்னை உறுத்துகிறது.

எப்போதும் சேர்ந்திருக்க முடியுமா? முடியும் என்று காட்டியிருக்கிறார்கள் கிழக்கு லண்டன்காரர்கள். அது கூலிவேலைக்காரர்களும் குடியேறிகளும் நிறைந்த பகுதி. அங்கே 1996-ல் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 'டெல்கோ' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. முதலில் அவர்கள் செய்த வேலை, மக்களிடம் போய்க் காது கொடுத்துக் கேட்டது. கேட்கக் கேட்க ஒரே குறைதான் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு வேலையின் கூலி போதவில்லை, அதனால் இரண்டு வேலை பார்க்கிறோம், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரமில்லை என்றார்கள் தாய் தந்தையர்.

ஞாயிறு பூசைக்கு வருபவரும் வெள்ளித் தொழுகைக்கு வருபவரும் இரவில் ஒரே அலுவலகக் கட்டடத்தைத் துடைப்பவர்கள்! அப்படியானால் இது எந்த மதத்தின் பிரச்சினை? 2001-ல் வாழ்வதற்குப் போதுமான ஊதியம் கேட்டு இயக்கம் தொடங்கினார்கள். ஒரு பெரிய வங்கியின் பங்குதாரர் கூட்டத்தில், அந்த வங்கித் தலைவரின் அறையைச் சுத்தம் செய்யும் தொழிலாளியே எழுந்து நியாயம் கேட்டார். 2005-ல் லண்டன் மேயரின் நிர்வாகம் அந்த ஊதியத்தைக் கணக்கிட்டுச் சொல்லத் தனிப் பிரிவே அமைத்தது. இன்று பிரிட்டனில் 10,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அந்த ஊதியத்தை ஏற்று நடக்கின்றன. உணவுப் பொட்டலத்தோடு நின்றிருந்தால் இது நடந்திருக்குமா? பசித்தவருக்குச் சோறு போடுவது அறம். அவர் ஏன் பசித்திருக்கிறார் என்று சேர்ந்து கேட்பதும் அறம்தான்.

நம்மிடம் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. தேர் இழுக்க வடம் பிடிக்க நூறு கைகள் வரும். ஆனால் வீதி திரும்பும் இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடத் தெரிந்த நாலு பேர் இல்லாவிட்டால் தேர் நிலைக்கு வராது. நம் பேட்டைக்கு இன்று தேவை அந்த நாலு பேர்.

ஆகவே இந்த அவை முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வொரு வழிபாட்டுத் தலமும் இரண்டு பேரைத் தரட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அவர்கள் மாதம் ஒருமுறை கூடட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, சனிக்கிழமை பெருமாள் கோயிலில் கூட்டம், ஞாயிறு ஆராதனை. அதனால் புதன்கிழமை மாலை எல்லோருக்கும் தோதாக இருக்கும். வீடு வீடாகப் போகும்போது மாற்று மதத்தவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராகப் போகட்டும். தனியாக வாழும் முதியவர் யார், படுக்கையில் கிடப்பவர் யார், மழைக்கு முதலில் நீர் புகும் வீடு எது என்று பட்டியல் எடுக்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அது கையில் இருக்க வேண்டும். வடிகால் அடைப்பு, தெருவிளக்கு, குடிநீர் பற்றிய குறைகள் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் போகட்டும். அந்தக் குழுவுக்கும் சபைக்குமான விதிகள் 2022-லேயே வந்துவிட்டன. தனித்தனியாக மனு கொடுப்பதைவிட, குருக்களும் இமாமும் பாதிரியாரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டால் அதற்குத் தனி வலு உண்டு.

கூடவே மூன்று கட்டுப்பாடுகளை நாமே விதித்துக்கொள்வோம். உதவி பெறுகிறவரிடம் மதம் கேட்கக் கூடாது. உதவியோடு சேர்த்துப் பிரசாரம் செய்யக் கூடாது. வரவு செலவு எல்லோர் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் சந்தேகம் முளைக்க இடமிருக்காது.

பெரியோர்களே! நாம் வணங்கும் முறைகள் வேறு, வேறாகவே இருக்கட்டும். ஆனால் மழைக்காலத்தில் ஒரே சாக்கடைதான் நம் எல்லோர் வீட்டுக்குள்ளும் வருகிறது. இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் ஒவ்வொரு தலத்தின் பொறுப்பாளரும் அந்த இரண்டு பெயர்களை எழுதிக் கூட்டத் தலைவரிடம் கொடுங்கள். வருகிற புதன்கிழமையே முதல் கூட்டம் நடக்கட்டும். நானும் வருகிறேன், ஒரு தெருவை என் பொறுப்பில் ஏற்றுக்கொள்கிறேன்.