மங்கு துடைத்தவர்களின் கதை

அழ. வள்ளியப்பாவுக்குப் பகலில் இந்தியன் வங்கியில் வேலை. மனமெல்லாம் குழந்தைப் பாட்டில். 1950-இல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். பிள்ளைகளுக்கு எழுதுவது சில்லறை வேலை என்று நினைத்தவர்களை அந்தச் சங்கத்தின் மாநாடுகள் திரும்பிப் பார்க்க வைத்தன.

நம் மலாக்காவில் அப்படியொரு மாநாடு கூடினால், கட்டுரை வாசிப்பைக் குறைத்துக்கொள்ளலாம். ஜாசின், அலோர் காஜா தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்து, எழுத்தாளர்கள் கதை வாசிக்கட்டும். கொட்டாவி வந்தால், அதுதான் விமர்சனம்!

அந்தக் கதைகளை எங்கே தேடுவது? இங்கிருந்த பால்மர (ரப்பர்) தோட்டங்கள் பலவும் செம்பனையாகிவிட்டன. விடியலில் பெற்றோரோடு போய், மரத்தில் பால் பிடிக்கும் மங்கு துடைத்த பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகள். மாநாட்டு மேடையில் அவர்களுக்கும் நாலு நாற்காலி போடுங்கள். கதை அவர்களிடம் இருக்கிறது.