இந்தத் தாள் வெற்றுத்தாள் அல்ல

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலகர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் பிரிக்க முயன்று தோற்றுப்போன தம்பி அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சிரித்துவிட்டீர்கள். இனி எனக்குப் பயமில்லை. அரங்கம் எவ்வளவு பெரியது, கூட்டம் எந்தப் பக்கம் அதிகம் என்பதை உங்கள் சிரிப்பு சொல்லிவிட்டது. இடது பக்கம் கொஞ்சம் காலியாக இருக்கிறது, சரிதானே?

என்னை அறிமுகம் செய்த நண்பர் அன்பு மிகுதியால், "கையில் துண்டுச்சீட்டுகூட இல்லாமல் அருவிபோலப் பொழிவார்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். முதல் வேலையாக நான் அதை மறுக்க வேண்டியிருக்கிறது. இதோ, தூக்கிக் காட்டுகிறேன். கெட்டித் தாள், மூன்று. உங்களுக்கு இது வெற்றுத்தாள். ஒரு சொட்டு மை கிடையாது. ஆனால் இன்றைய பேச்சின் குறிப்பெல்லாம் இதில்தான் இருக்கிறது. முகம் உங்கள் பக்கம் இருக்க, என் இடது கை மேசைமேல் படித்துக்கொண்டிருக்கிறது. கண்ணால் படிக்கிறவர் குறிப்பைப் பார்க்கத் தலை குனிந்தே ஆக வேண்டும். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் உங்களை நினைத்து நான் பரிதாபப்படுகிறேன்.

இன்று ஜனவரி 4. 1809-இல் இதே நாளில், பாரிசுக்கு அருகே கூப்வ்ரே என்ற சிற்றூரில் லூயி பிரெயில் பிறந்தார். அப்பா குதிரைச் சேணம் செய்பவர். தோல் துளைக்கும் ஊசியை எடுத்து விளையாடிய மூன்று வயதுப் பிள்ளைக்கு அது கண்ணில் குத்தியது. புண் மறு கண்ணையும் தின்றது. அந்தப் பிள்ளைதான் 15 வயதில், 1824-இல், கூர்முனையால் தாளைக் குத்திக் குத்தி இந்தத் தாளில் என் விரல் தடவும் ஆறு புள்ளி எழுத்தை அமைத்தான். அதற்கு முன் இருந்த சார்ல் பார்பியேயின் பன்னிரண்டு புள்ளி முறை விரல் நுனிக்குள் அடங்கவில்லை. பையன் அதைப் பாதியாக்கினான்.

ஆறு புள்ளியை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவம். தமிழுக்கு எழுத்து 247 ஆயிற்றே என்பீர்கள். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில் அதற்கு எளிய வழி இருக்கிறது. "கொ" என்று எழுத உங்களுக்கு முன்னால் ஒரு கொம்பு வேண்டும், பின்னால் ஒரு கால் வேண்டும். எங்களுக்குக் கொம்பும் இல்லை, காலும் இல்லை. முதலில் க, அடுத்து ஒ. வாய் எப்படிக் கூட்டுகிறதோ அதே வரிசை. மேடையில் பேசுகிறவனுக்கு இதைவிடத் தோதான எழுத்து உண்டா?

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், பார்வையற்றவர் மேடை ஏறினாலே நம் ஊரில் முதலில் வரும் பாராட்டு, "என்ன ஞாபகசக்தி!" என்பதுதான். ஐயா, அந்தப் பாராட்டுக்குள் ஒரு கடன்பாக்கி ஒளிந்திருக்கிறது. எழுத்தைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, எழுத்தில்லாமல் சமாளித்ததை மெச்சுகிறோம். சோறு போடாமல் இருந்துவிட்டு, "பிள்ளை என்னமாய் விரதம் இருக்கிறான்!" என்று வியப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இரண்டு அரசியல்வாதிகளைச் சொல்கிறேன். டேவிட் பேட்டர்சன் 2008-இல் நியூயார்க் மாநில ஆளுநர் ஆனார். பார்வை மிகக் குறைவு, பிரெயில் கற்றதில்லை. ஆகவே நீண்ட உரைகளைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துதான் பேசினார். டேவிட் பிளங்கெட் பிறவியிலேயே பார்வையற்றவர். 2001 முதல் 2004 வரை பிரிட்டனின் உள்துறை அமைச்சர். பிரெயில் குறிப்பை விரலால் தடவியபடி நாடாளுமன்றத்தில் பேசினார். அவருடைய வழிகாட்டி நாய் ஒருமுறை, எதிர்க்கட்சிக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போது அவையிலேயே வாந்தி எடுத்தது. அதைவிடச் சுருக்கமான மறுப்புரையை நான் கேள்விப்பட்டதில்லை! இருவரும் உயர்ந்த இடத்துக்கு வந்தவர்கள்தாம். ஆனால் ஒருவர் பேச்சைச் சுமந்துகொண்டு மேடைக்குப் போனார். மற்றவர் கையில் எடுத்துக்கொண்டு போனார். நம் பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கப்போகிறோம்?

அந்தகக்கவி வீரராகவ முதலியாரை இங்கே எல்லாருக்கும் தெரியும். பதினேழாம் நூற்றாண்டுப் புலவர், பிறவியிலேயே பார்வையில்லாதவர். முதுகில் எழுத்தை எழுதிக்காட்ட, அப்படியே கற்றார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். லூயி பிரெயில் பிறக்க நூறு ஆண்டுக்கு மேல் இருக்கும்போதே, எழுத்தைத் தோலுக்குக் கொண்டுபோகலாம் என்று இந்த மண்ணில் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. "உனக்கெதற்கப்பா பாடம்?" என்று அவர் கைவிட்டுவிடவில்லை.

என்னை ஒருவர் அப்படிக் கைவிட்டார். கல்லூரியில் முதலாண்டு. வகுப்பில் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் செமினார் எடுக்க வேண்டும். என் முறை வந்தது. பேராசிரியர் நல்ல மனிதர், அதுதான் சங்கடம். "உனக்கு எதுக்குப்பா கஷ்டம்? நீ உட்காரு, மார்க் நான் போட்டுடறேன்" என்றார். பத்துக்கு எட்டு போட்டார். அந்த எட்டு மார்க் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. பேசித் திக்கித் திணறி மூன்று வாங்கியிருந்தால், அந்த மூன்று என்னுடையதாக இருந்திருக்கும்.

மறு ஆண்டு வேறொரு அம்மையார் வந்தார். "புதன்கிழமை நீதான். சிலப்பதிகாரம், வழக்குரை காதை" என்றார். "மேடம், எனக்கு..." என்று இழுத்தேன். "எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இருந்துட்டுப் போ" என்றார். செவ்வாய் மாலை ஆள் இல்லாத அரங்கில் என்னை நடக்கவிட்டார். வாசலிலிருந்து மேடைக்குப் பதினாறு எட்டு. படி நான்கு. மேசையின் விளிம்பு, மைக்கின் உயரம், மேடை எங்கே முடிகிறது என்று எல்லாவற்றையும் என் கையும் காலும் தெரிந்துகொள்ளும்வரை காத்திருந்தார். பெரியபுராணத்தில் பார்வையற்ற தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தைத் தோண்டுகிறாரே, எப்படித் தோண்டினார்? குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு, நடுவே கயிறு. அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குக் கட்டிய கயிறு.

புதன்கிழமை என்ன ஆனது? யாரோ மைக்கை இரண்டடி நகர்த்தி வைத்துவிட்டார்கள். நான் கண்ணகியின் கோபம் முழுவதையும் பக்கத்துச் சுவரிடம் காட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பு சிரித்தது. முன்பெஞ்சு நண்பன் ஒருவன் பெஞ்சை டொக் டொக்கென்று தட்டினான். சத்தம் வந்த பக்கம் திரும்பினேன், பேச்சைத் தொடர்ந்தேன். பத்துக்கு ஆறு. என்னுடைய ஆறு! அன்றிலிருந்து முன்வரிசை நடுவில் ஒரு சத்தம் இல்லாமல் நான் மேடை ஏறுவதில்லை. இன்று அங்கே என் மனைவி இருக்கிறார். ஒருமுறை செருமினால் "நேராகத் திரும்பு" என்று அர்த்தம். இரண்டுமுறை செருமினால் "போதும், இறங்கு" என்று அர்த்தம்.

கேட்கிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நீங்கள் தலையாட்டுவது எனக்குக் கேட்காது. முகம் மலர்வது கேட்காது. நாற்காலி முனகல், இருமல், வாசல் பக்கம் நழுவும் செருப்புச் சத்தம், இவை மட்டும் நன்றாகக் கேட்கும். ஆக, உங்களுக்குப் பிடிக்காதது உடனே எனக்குத் தெரிந்துவிடும். பிடித்தது தெரியவே தெரியாது. வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் வரிக்கு வரி "ஆமா" போடுகிறாரே, அந்த "ஆமா"வைக் கொஞ்சம் கடன் கொடுங்கள். வாய்விட்டு ஒரு "ம்" போதும்.

இன்றைய மாணவர்கள், "சார், இப்போ எல்லாம் போனே படிச்சுக் காட்டுதே, பிரெயில் எதுக்கு?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. நானும் என்விடிஏ பயன்படுத்துகிறேன். பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் உருவாக்கி இலவசமாகக் கொடுத்த திரைவாசிப்பான் அது. ஸ்லைடு தயாரிக்கக்கூட அது போதும். ஒரு காதில் இயர்போன் மாட்டி, அது சொல்லச் சொல்ல மேடையில் பேசியும் பார்த்தேன். அதன் குரலும் என் குரலும் சண்டை போட்டுக்கொண்டன. இன்னொன்றும் உண்டு. "ந"வும் "ன"வும் காதுக்கு ஒன்றுதான். விரலுக்கு வேறு வேறு. கேட்டே வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. தெரியாததை அவன் எப்படிக் குறிப்பெடுப்பான்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரெயில் தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியில் அமர்த்தச் சொல்கிறது. அதை அரசிடம் கேட்போம். ஆசிரியப் பெருமக்களிடம் நான் கேட்பது செலவில்லாதது. முதல் நாள் அரங்கில் நடக்கவிடுங்கள். மைக்கை நகர்த்தாதீர்கள். மற்ற பிள்ளைகள் ஸ்லைடைக் காட்டி, "இதில் பார்க்கிறபடி" என்றால், என்ன பார்க்கிறாய் என்பதைச் சொல்லச் சொல்லுங்கள். மார்க்கைத் தானமாகப் போடாதீர்கள்.

கடைசியாக ஒருவர். ஹென்றி பாசெட். 25 வயதில், 1858-இல், வேட்டையின்போது தந்தையின் துப்பாக்கிக் குண்டு தவறிப் பட்டுப் பார்வை போனது. பிறகு கேம்பிரிட்ஜில் பொருளாதாரப் பேராசிரியர், நாடாளுமன்ற உறுப்பினர், 1880 முதல் அஞ்சல் துறைத் தலைவர். லண்டனில் துருக்கி சுல்தானுக்குக் கொடுத்த நடன விருந்தின் செலவை இந்தியாவின் தலையில் கட்டியபோது, ஏழை நாட்டின் வரிப்பணம் உங்கள் கேளிக்கைக்கா என்று எதிர்த்தவர். "இந்தியாவுக்கான உறுப்பினர்" என்றே அவரை அழைத்தார்கள். அந்தப் பெயர் அவர் பார்க்காமல் பேசியதற்காகக் கிடைத்ததல்ல. பேசிய கணக்குக்காகக் கிடைத்தது.

இன்று நான் சொன்னதில் தவறு இருக்கலாம். பிரெயில் பற்றி நான் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று தோன்றலாம். எழுந்து கேளுங்கள், மறுத்துப் பேசுங்கள். "கண் தெரியாமலே எவ்வளவு அழகாகப் பேசினீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள்.

என் மனைவி இரண்டு முறை செருமிவிட்டார்.