“நான் யார்?” என்பதற்குப் புள்ளி இடலாமா?



பத்தாம் வகுப்பில் யாராவது என்னிடம் “நீ யார்?” என்று கேட்டிருந்தால், “டாக்டராக வரப்போகிறவள்” என்று யோசிக்காமலே சொல்லியிருப்பேன். அது என் பதிலா, வீட்டார் சொல்லித் தந்த பதிலா என்று அன்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

இந்தத் தெளிவை அளக்க உளவியலாளர்களிடம் ஒரு கருவி உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனிஃபர் காம்பெல்லும் சகாக்களும் 1996இல் வெளியிட்ட ‘சுய எண்ணக்கருத் தெளிவு’ அளவுகோல் அது. மொத்தம் 12 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. நீ நல்லவளா, கெட்டிக்காரியா என்று அது கேட்பதில்லை. உன்னைப் பற்றிய உன் எண்ணங்கள் தெளிவாகவும், ஒன்றோடொன்று முரண்படாமலும், நாளுக்கு நாள் மாறாமலும் இருக்கின்றனவா என்றே கேட்கிறது.

புள்ளி குறைந்தவர்களிடம் பதகளிப்பும் மனச்சோர்வும் கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் எது காரணம், எது விளைவு என்பதை ஒருமுறை எடுத்த புள்ளியை வைத்துச் சொல்ல முடியாது. அத்துடன், 15 வயதில் தடுமாறுவது நோயல்ல. தன் அடையாளத்தைத் தேடுவதே கட்டிளமைப் பருவத்தின் முக்கிய வேலை என்றார் எரிக் எரிக்சன்.

கூடிய புள்ளியும் எப்போதும் நல்ல செய்தியல்ல. 1966இல் ஜேம்ஸ் மார்சியா சுட்டிக்காட்டியதுபோல, தானே தேடி முடிவெடுத்த பிள்ளையும் உறுதியாகப் பேசும். தேடாமலே பெற்றோரின் முடிவை ஏற்றுக்கொண்ட பிள்ளையும் உறுதியாகப் பேசும். அளவுகோலில் இருவரும் ஒன்றுபோலத் தெரியலாம். நான் அன்று அதை நிரப்பியிருந்தால் நல்ல புள்ளி எடுத்திருப்பேன்! மருத்துவத்தை நானாகத் தெரிவுசெய்தது, பட்டம் பெற்றுச் சில வருடங்களின் பின், இதை விட்டுவிடலாமா என்று யோசித்த ஓர் இரவுக் கடமையில்தான்.

எங்கள் பாடசாலைகளில் எல்லாவற்றுக்கும் புள்ளியும் நிலையும் உண்டு. இந்த வினாக்கொத்தும் இன்னொரு தேர்ச்சி அறிக்கையாகிவிடக் கூடாது. விடைகள் வகுப்பில் வாசிக்கப்பட வேண்டாம். அவை பிள்ளையுடன் பேசத் தொடங்குவதற்கு ஒரு வழியாக மட்டும் இருக்கட்டும்.

பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். தங்கைமாரைச் சந்திக்க வரும்போது எப்படி வென்றோம் என்பதை மட்டும் சொல்லாமல், எங்கே தடுமாறினோம், எப்போது மனம் மாறினோம் என்பதையும் சொல்லுங்கள். “எனக்கு இன்னும் தெரியாது” என்று ஒரு பிள்ளை பயமில்லாமல் சொல்லக்கூடிய இடமாக எங்கள் பாடசாலை அடுத்த நூறாண்டும் இருக்கட்டும்.