வீடு லாரியில் வரும், மனை வருமா?

(தலைப்பு: தொழிற்சாலையில் செய்த வீடு எளியவர்க்கு வரமா? வலையா? 'வரமே' அணியில் பேசியது)



'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்'னு பெரியவங்க சொன்னாங்க. ஏன் இரண்டையும் சேர்த்துச் சொன்னாங்க? இரண்டிலேயும் போட்ட கணக்கு ஒண்ணு, ஆன செலவு ஒண்ணு. (சிரிப்பு) கல்யாணமாவது மூணு நாள்ல முடிஞ்சிடும். வீடு முடியுமா? மேஸ்திரியைக் கேட்டா, "அடுத்த வாரம் சென்டரிங் பிரிச்சிடலாம் சார்" என்பார். அடுத்த வாரம் மழை. அதுக்கடுத்த வாரம் கம்பி கட்டுறவர் ஊர்ல கோயில் கொடை. அதுக்குள்ள சிமெண்டு விலை ஏறிடும். குடியிருக்கிற வீட்டுக்கு வாடகை, குடிபோகாத வீட்டுக்கு வட்டி! நடுத்தரக் குடும்பத்தின் முதுகை ஒடிப்பது இந்தத் தாமதம்தான், நடுவர் அவர்களே. (கைதட்டல்)

தொழிற்சாலை வீடு முதல் அடி அடிப்பதே அந்தத் தாமதத்தின் தலையில்தான். இங்கே மனையில் அஸ்திவாரம் தோண்டும்போதே, அங்கே கூரைக்கு அடியில் சுவரும் தளமும் தயாராகிக்கிட்டிருக்கும். மழைக்கு லீவு கிடையாது. ஒரே அளவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் பொருள் வீணாவதும் குறைவு.

எதிரணி அம்மையார் கேட்டாங்க: "வீடு என்ன பிஸ்கட்டா, ஃபேக்டரியில செஞ்சு விக்கிறதுக்கு?" அம்மா, அமெரிக்காவில் செஞ்சுதான் விக்கிறாங்க. அங்கே முக்கியமாக இரண்டு வகை. ஒன்று 'மாடுலர்' வீடு. பெட்டி பெட்டியாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, நிரந்தர அஸ்திவாரத்தின் மேல் கிரேனால் இறக்கிப் பூட்டுவது. அந்தந்த ஊர்க் கட்டட விதிதான் அதற்கும் விதி. இன்னொன்று 'மேனுஃபேக்சர்டு' வீடு. இரும்புச் சட்டத்தின் மேலேயே கட்டி, அந்தச் சட்டத்தோடு வந்து இறங்குவது. அதற்கு 1976 ஜூன் 15 முதல் நாடு முழுவதற்கும் ஒரே விதி. விதிப்படி செய்த வீட்டின் வெளிப்புறத்தில் சிவப்பாக ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். ஏறத்தாழ 2 கோடிப் பேர் இந்த வகை வீடுகளில் வாழ்கிறார்கள். நிலத்தின் விலையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், சதுர அடிக்கு ஆகும் செலவு, மனையிலேயே கட்டும் வீட்டைப் போல ஏறத்தாழ பாதி!

"காத்தடிச்சா பறந்துடுமே" என்றார் அடுத்த நண்பர். நியாயமான பயம். 1992-ல் ஆண்ட்ரூ புயல் ஃப்ளோரிடாவைத் தாக்கியபோது இப்படிப்பட்ட வீடுகள் ஏராளமாகச் சிதறின. மறுக்கல. அதோடு விட்டுட்டாங்களா? 1994-ல் புயல் பகுதிகளுக்கான விதியைக் கடுமையாக்கினாங்க. விழுந்த பிள்ளையை எழுப்பி நடக்க வைக்கணும். தூளியிலேயே போட்டு வைக்கிறதுக்குப் பேர் வளர்ப்பா? (கைதட்டல்)

"இது தற்காலிகக் கொட்டகை" என்றும் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் வீடிழந்த இங்கிலாந்தைப் பாருங்க. 1944-ல் சட்டம் போட்டு, 1945 முதல் 1949-க்குள் சுமார் 1,56,000 தொழிற்சாலை வீடுகளை நிறுத்தினாங்க. போர் விமானம் செய்த தொழிற்சாலைகள் அலுமினிய வீடு செய்தன! குண்டு போடப் பறவை செய்த கை, குடியிருக்கக் கூடு செய்தது. 10, 15 வருஷம் தாங்கினால் போதும் என்று செய்த வீடுகளில் பல, பேரப்பிள்ளைகள் காலம் வரை நின்றன. லண்டன் கேட்ஃபோர்டு பகுதியில் அப்படி 187 வீடுகள். அதில் 6 வீடுகளை, பாதுகாக்க வேண்டிய கட்டடங்கள் என்று 2009-ல் அறிவித்தார்கள். தற்காலிகம் சரித்திரம் ஆயிடுச்சு, ஐயா!

எதிரணி கையில் இன்னும் ஒரு சீட்டு இருக்கு. அதை நானே எடுத்து வைக்கிறேன். 1968 மே 16. லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம். தொழிற்சாலையில் வார்த்த காங்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டியது. 18-வது மாடியில் ஒரு பெண்மணி அடுப்புப் பற்ற வைத்தார். கசிந்திருந்த கேஸ் வெடித்தது. ஒரு மூலை முழுக்கச் சரிந்து 4 பேர் இறந்தார்கள். குற்றம் எங்கே? பலகையும் பலகையும் சேரும் இணைப்பில் வலு இல்லை. ஓர் இடத்தில் சேதம் வந்தால் கட்டடமே சரியக்கூடாது என்று அதன்பிறகு விதியைத் திருத்தினார்கள். குடும்பமும் அப்படித்தானே? ஆளாளுக்கு உறுதியா இருந்தா மட்டும் போதாது. சேர்ற இடம் உறுதியா இருக்கணும். (பலத்த கைதட்டல்)

அப்படியானால் வலையே இல்லையா? இருக்கு, நடுவர் அவர்களே. ஆனால் அது வீட்டில் இல்லை. வீட்டுக்குக் கீழே இருக்கு.

தமிழில் 'மனை' என்று ஒரு சொல். மனை என்றால் வீடு. மனை என்றால் வீடு நிற்கிற நிலமும்தான். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தானே தமிழன், அதில் ஒரு பொருளாதாரமே இருக்கு! அமெரிக்காவில் பல ஏழைக் குடும்பங்களுக்கு அந்த மனை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. வீடு இவர்களுடையது, நிலம் இன்னொருத்தருடையது. நிலத்துக்கு மாத வாடகை. வாடகையை ஏற்றினால் என்ன செய்வது? 'தூக்கிக்கிட்டுப் போ' என்பான். சக்கரத்தில் வந்த வீடுதான். ஆனால் ஒருமுறை இறக்கியதைத் திரும்பத் தூக்க ஆயிரக்கணக்கான டாலர் செலவு. பழைய வீடு என்றால் பயணத்தையே தாங்காது. நிலம் சொந்தமில்லை என்பதால் கடனும் பலருக்கு வீட்டுக் கடனாகக் கிடைப்பதில்லை. வண்டி வாங்குகிற மாதிரிக் கடன், அதிக வட்டி, குறைந்த தவணைக் காலம்.

இதற்கும் மருந்து கண்டுபிடிச்சாங்க. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மெரெடித் என்ற ஊர். 1984-ல் அங்கே குடியிருந்தவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து, கடன் வாங்கி, காலடி நிலத்தைத் தாங்களே வாங்கிட்டாங்க. இன்று அந்த வழியில் 300-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் அந்த நாட்டில் இருக்கு. வீடு அதே வீடுதான். நிலம் கைக்கு வந்ததும் வலை அறுந்தது!

நம்ம ஊருக்கும் இது வந்தாச்சு. சென்னை பெரும்பாக்கத்தில் மத்திய, மாநில அரசுத் திட்டம். 2021 ஜனவரி 1-ல் அடிக்கல். 2022 மே 26-ல் திறப்பு. முன்பே வார்த்த காங்கிரீட் பாகங்களைப் பொருத்தி, 12 கட்டடங்களில் 1,152 வீடுகள். கொரோனா காலத்தில்கூட ஒன்றரை வருஷத்துக்குள்ளே! நம்ம மேஸ்திரி இந்நேரம் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருப்பார். (சிரிப்பு)

ஆகவே, தொழிற்சாலை வீடு பற்றி விளம்பரம் பார்த்தால் தாய்மார்கள் நாலு கேள்வி கேளுங்க. நிலம் யார் பேரில்? இணைப்பும் அஸ்திவாரமும் எந்த விதிப்படி? வங்கி இதற்குக் கொடுப்பது வீட்டுக் கடனா, வேறு கடனா? பழுது வந்தால் யார் வந்து பார்ப்பார்? நகை வாங்கும்போது சேதாரம் எவ்வளவுன்னு விடாம கேக்கிறீங்களே, அந்த விடாப்பிடி போதும். (சிரிப்பு)

பொண்ணு கல்யாணத்துக்கு வைத்த பணத்தை எடுத்துச் சுவர் எழுப்பும் தகப்பன், பூச்சு வேலைக்குப் பணமில்லாமல் செங்கல் தெரியக் குடிபோகிற குடும்பம், இவர்களுக்குக் குறைந்த செலவில், சொன்ன தேதியில் ஒரு வீடு கிடைத்தால் அது வரமா, வலையா? வீட்டைத் தொழிற்சாலை தரட்டும். மனையைச் சட்டமும் கூட்டுறவும் காக்கட்டும். தொழிற்சாலை வீடு எளியவர்க்கு வரமே, வரமே என்று தீர்ப்பு வழங்குங்கள் என நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.